வேலைக்கார ஈ

காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து ஊர்க்கூட்டமான எடப்புளி நாட்டுச் சின்னுசாமி பதினொரு மணி பஸ்ஸுக்கு வருகிறார், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்க. மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர். எனக்கு முப்பத்தொன்பது வயது. தம்பி பெண்டாட்டி திருப்பூர் மில்லில் இருக்கிறாள். அவள் பெற்ற மூன்றையும் வளர்ப்பது நான்தான். "நீ போயிட்டா ஊடு என்னக்கா ஆகும்?" என்று தம்பி அர்த்தனாரி நேற்றே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான். வேண்டாமென்றே சொல்லிவிடுவோம் என்றிருந்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தானா தேன்பெட்டியைப் பார்க்க தேனீ வளர்ப்பு ஆபீஸிலிருந்து கிருஷ்ணகுமாரி வரவேண்டும்! பெட்டியில் இரண்டு வாரமாக ஒரே இரைச்சல். அவள் மூடியைத் திறந்தாள்.

"வேலைக்கார ஈ எல்லாமே பொண்ணுதானுங்க. தான் முட்டை வெக்காம, ராணி பெத்த தங்கச்சிங்கள வளக்கும். ஒரே ரத்தமில்லீங்களா? தங்கச்சி தழைச்சா இதோட ரத்தமும் தழைக்கும். அப்படித்தான் இந்தக் குணம் காலங்காலமா நின்னுபோச்சு."

"எங்கக்காவாட்டம். மலட்டு ஈ!" தம்பி சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருடா மலடு? கண்ணாலமே ஆகாதவளுக்கு அந்தப் பட்டம் வேறயா?"

"ஈயத்தான்க்கா சொன்னேன்."

"ஈயும் மலடில்லீங்க," என்றாள் கிருஷ்ணகுமாரி. "ராணி வாசம் இருக்கிற வரைக்கும் முட்டைப்பை சுருங்கிக் கெடக்கும். இங்க ராணி செத்துப்போச்சு. பாருங்க, இதுகளே முட்டை வெச்சிருக்கு."

தேனடையின் ஒரே அறையில் மூன்று முட்டை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆனா இதுல ஆண் ஈ மட்டுந்தான் பொரியும். அதுக வேலை செய்யாது. புது ராணி வெக்காட்டி பெட்டி அழிஞ்சிருமுங்க."

"கேட்டியாக்கா?" தம்பிக்கு வாயெல்லாம் பல். "அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கோணும்."

"அந்த ஈகிட்ட எவனாச்சும் சம்மதமான்னு கேட்டானாடா? என்னையக் கேக்க ஒரு மனுஷன் பஸ் ஏறி வாராரு!"

சொன்ன மாதிரியே சின்னுசாமி வந்தார். தண்ணீர்ச் சொம்பைக்கூட வாங்காமல் நின்றுகொண்டே கேட்டார். தம்பி வாயெடுப்பதற்குள், "சம்மதமுங்க," என்றேன். சொன்ன கையோடு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைக்குட்டி யமுனா என் சேலையை இழுத்தாள். "அத்த, அப்ப எனக்கு யாரு சடை பின்னுவா?"

"உங்கப்பன் கத்துக்கட்டும் கண்ணு," என்று சீப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.