ஒரே ராகத்தில் இரண்டு அறிவிப்புகள்

பேருந்து நிலையத்திலிருந்து புகார் வந்திருந்தது. முதல் அறிவிப்பு எங்கே முடிகிறது, இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று பயணிகளுக்குப் பிடிபடவில்லையாம். இரண்டும் இரண்டு மொழி. சொற்கள் வேறு வேறு. ஆனால் ராகம் ஒன்றாகிவிட்டது.

முதல் மொழியில் வாசிப்பவன் இவன். அடுத்ததில் வாசிப்பவர் இவன் மனைவியின் அண்ணன். மனைவி இறந்து, விடுப்பு முடிந்து, இவன் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அது.

"வாக்கியத்த முடிக்காம மேல தூக்கி விடுறீங்க. அது உங்க மச்சான் மொழிப் பேச்சு," என்றார் கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவு அம்மா. "பழையபடி பேசுங்க. இல்லேன்னா வேற குரல் எடுக்கச் சொல்லிட்டாங்க. எனக்கே சங்கடமா இருக்கு."

"என்னையும் ரெண்டு திட்டு திட்டுங்கம்மா," என்றார் மச்சான். "நான் மாப்ள மாதிரி கடைசியில குத்தி நிறுத்துறேனாம். சோறு போடுன்னா, 'யார் மேல கோவம்?'னு கேக்குறா என் பொண்டாட்டி."

அம்மா சிரித்தார். இவனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

வீட்டில் இவன் மனைவி அவள் மொழியில் பேசுவாள். இவன் தன் மொழியில் பதில் சொல்வான். சமையலறையிலும் அப்படித்தான், சண்டையிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானும் வந்து சேர்ந்துகொள்வார். யாரும் யார் மொழிக்கும் மாறவில்லை என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள்.

மறுபடி வாசித்தான். குரல் தூக்கியது. மறுபடியும் அதே.

"முன்னாடி எப்படிப் பேசினேன்னு ஞாபகம் இல்லீங்க."

அம்மா பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிப் போட்டார். கல்யாணத்துக்கு முந்தையது. காதுக்குள் ஒருவன் பேசினான். ஒவ்வொரு வாக்கியத்தையும் கதவைச் சாத்துவதுபோல் முடித்தான். அவளைப் பார்த்தேயிராத ஆள். கெட்டவன் என்று சொல்ல முடியாது.

தொழில் தெரிந்தவன் என்பதால் அந்த ஆளை அச்சு அசலாகப் பிடித்துவிட்டான்.

"இதேதான்!" என்றார் அம்மா. "இதையே பிடிச்சுக்கங்க. மிச்சத்தையும் இன்னிக்கே முடிச்சிடலாம்."

அடுத்த தாளைப் பார்த்தான். வாயைத் திறந்தால் அந்த ஆள் வருவான். நாள் பூராவும் அவனாகப் பேசினால், சாயங்காலம் வீட்டுக்குப் போவதும் அவனாகத்தான் இருக்கும். ஒலிவாங்கியைத் தள்ளிவைத்தான்.

"வேற குரல் எடுத்துக்கங்கம்மா."

நடைபாதையில் மச்சான் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். "உனக்கென்ன கிறுக்கா மாப்ள? இருந்தது ஒரு வேலை. நாளைக்கு எதைத் தின்னுவ?" என்று தன் மொழியில் பிலுபிலுவென்று பிடித்தார்.

"தெரியல மச்சான்."

"தெரியலையாம்! பேச்சப் பாரு!"

படி இறங்கும்போதும் அவர் விடவில்லை. அந்த மொழியில் இவனைத் திட்ட வேறு யாரும் மிச்சமில்லை. இவன் நடையைக் குறைத்தான்.