ஆன்மாகள் மட்டும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘இந்து ஆன்மிகப் போதனைகளும் அரசியல் சாசன விழுமியங்களும்’. தலைப்பைப் படித்து முடிக்கவே எனக்கு ஒரு காபி தேவைப்பட்டது. பக்கக் கட்டுப்பாடு கிடையாது என்று வேறு பெருந்தன்மையாகச் சொன்னார்கள். எழுத ஒன்றும் தோன்றாதவருக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘மக்களாட்சியின் ஊற்றுக்கண் நம் ஆன்மிகத்திலேயே’ (ஊற்றுக்கண் என்று எழுதியதுமே எங்கிருந்தோ கைதட்டல் கேட்டது. பயந்துபோய் அடித்துவிட்டேன்.)

‘எல்லா உயிருக்குள்ளும் இருப்பது ஒன்றே என்று சொன்னவர்கள், அதே வாயால் சிலரை வாசலுக்கு வெளியே’ (இதை முடித்தால் மலரில் போட மாட்டார்கள். முடிக்காவிட்டால் எனக்கு மனசு கேட்காது. இப்போதைக்குப் பாதியில் நிற்கட்டும்.)

‘சமத்துவம் என்பது’ (என்பது?)

இந்த லட்சணத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிழைதிருத்துபவர் வந்து சேர்ந்தார்.

2

அவர் ஒரு பதிப்பகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், வாழ்த்துவதற்கு முன்னால் சிவப்புப் பேனாவைத் தேடுவார். தன் சொந்தக் கல்யாணப் பத்திரிகையில் மாமனாரின் பட்டப்பெயருக்கு ஒற்று போட்டுக் கொடுத்தவர். மாமனார் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

அவர் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்துக்கு வீட்டு உரிமையாளர் சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். விதிகளை எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. மதிய இடைவேளையில், அலுவலகக் கணினியிலேயே தட்டினார். அதே திரையில் இன்னொரு கோப்பும் திறந்திருந்தது. அது ஒரு சாமியாரின் சொற்பொழிவு நூல். உடம்பு ஒரு வீடு, ஆன்மாதான் அதன் உரிமையாளர், வீடுகள் ஆயிரம் இருந்தாலும் உரிமையாளர் ஒருவரே என்று போகும் அவருடைய பேச்சு. மடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது: ‘உரிமையாளர்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘ஆன்மா’ என்று மாற்றவும், வாசகர்கள் வீடு வாங்கி விற்கும் நூல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றினார். மாறியது, சங்கத்தின் கோப்பில்.

அதிலும் கணினிக்கு வேற்றுமை உருபு தெரியாது. ‘உரிமையாளர்’ என்று புள்ளி வைத்து முடிந்தால் பிடித்துக்கொள்ளும். ‘உரிமையாளருக்கு’ என்று கொஞ்சம் வளைந்தால் விட்டுவிடும். ஆகவே ‘தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் பொறுப்பு உரிமையாளருக்கே உண்டு’ என்ற விதி அப்படியே தப்பித்தது. ‘வாக்களிக்கும் தகுதி உடையோர்: உரிமையாளர்கள் மட்டும்’ என்ற நான்காம் விதி, ‘ஆன்மாகள் மட்டும்’ என்று ஆனது. கடமையெல்லாம் உரிமையாளருக்கு, உரிமையெல்லாம் ஆன்மாவுக்கு. ஒன்பதாம் விதி இன்னும் மோசம்: ‘ஆன்மா இறந்தால் வாரிசுச் சான்றிதழ் இணைக்க வேண்டும்.’

சங்க விதிகளை யார் படிக்கிறார்கள்? ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தினார்கள். பிரதி பீரோவுக்குள் போனது.

2 (மறுபடியும்)

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். முப்பது வருட அனுபவம் உள்ளவர் இப்படிச் செய்வாரா? அவர் மனைவியிடம் கேட்டேன். (கேட்க முடியும். நான்தானே எழுதுகிறேன்.) “உப்பு டப்பால சக்கரைன்னு எழுதியிருந்தத சர்க்கரைன்னு திருத்திட்டு, உள்ள இருந்த உப்ப அப்படியே காபில போட்டுக் குடிச்சவருங்க,” என்றார். சந்தேகம் தீர்ந்தது.

3

கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் எந்திரம் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதில் உட்கார்ந்து தைப்பவரை எல்லோரும் டெய்லரக்கா என்பார்கள். அவர் வீட்டு உரிமையாளர் இல்லை. வாடகைக்குக்கூடக் குடியிருக்கவில்லை. படிக்கட்டு ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் சரியாக ஊசி முனையில் விழும். வேறு இடம் கிடைக்காமல் போகாது, ஆனால் இந்த வெளிச்சம் கிடைக்காது. அக்காவின் கண்ணுக்கு இப்போது அது இல்லாமல் ஆகாது.

அந்த இடத்தைத்தான் சங்கத் தலைவர் கேட்டார். டாக்டர் அவரைத் தினமும் மிதிக்கச் சொல்லியிருந்தார். அதற்காக வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள் அவர் வீட்டுக் கூடத்தில் அடங்கவில்லை. இரண்டு பேரும் மிதிக்கத்தான் இடம் கேட்கிறார்கள் என்று யோசித்தால் யார் பக்கமும் பேச முடியவில்லை. ஆனால் அக்கா மிதித்தால் சட்டை வரும்.

(முதல் வரைவில் தலைவருக்கு ‘வந்தார்’, அக்காவுக்கு ‘வந்தாள்’ என்று எழுதியிருந்தேன். சமத்துவத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இப்படி ஒரு வேலை. இரண்டு பேருக்கும் ‘ஆர்’ போட்டுவிட்டேன். தலைவரிடம் சொல்ல வேண்டாம்.)

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பொதுக்கூட்டம். வாக்கு உரிமையாளர்களுக்கு மட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர் தலைவர் பக்கம். அக்காவுக்கும் அது தெரியும். அன்றைக்குத் தைக்க வேண்டியதைத் தைத்து முடித்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தார். மாதிரி வெட்டுவதற்குப் பழைய தாள்களைக் கொடுப்பவர் பிழைதிருத்துபவர்தான். சட்டைக் கை அளவுக்கு ஒரு தாளை வெட்டிக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்தி, அதிலிருந்த சங்க விதிகளைப் படித்தார்.

4

(இந்தப் பகுதியை அக்கா கூட்டத்துக்கு எடுத்துப் போய்விட்டார்.)

5

மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர் பேசி முடித்து, உரிமையாளர்கள் கை தூக்கலாம் என்றபோது, சட்டைக் கை வடிவத்தில் ஒரு சட்டத்தோடு அக்கா எழுந்தார்.

“சார், நாலாவது விதில உரிமையாளர்னு இல்லையே. ஆன்மான்னுதான் போட்டிருக்கு. எனக்கும் ஒண்ணு இருக்கு.”

தலைவர் பீரோவிலிருந்து முத்திரை குத்திய பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் அப்படித்தான் இருந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். உரிமையாளர்களின் மனைவிமார், தங்களுக்கும் தனி ஆன்மா உண்டு என்பதை அன்றைக்குத்தான் கணவர்களிடம் தெரிவித்தார்கள். மூன்றாம் மாடிப் பூனையைச் சேர்ப்பதா என்று ஒரு பேச்சு வந்தது. பூனை வருகைப் பதிவேட்டின் மேலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் மாடிப் பல் டாக்டர் சொற்பொழிவுகளை விடாமல் கேட்பவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆன்மாவுக்குப் பன்மையே கிடையாது, இருப்பது ஒன்றுதான், எனவே இந்தக் கட்டடத்துக்கே ஒரு ஓட்டுதான் என்று விளக்கினார். தலைவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அந்த ஒன்றைத் தலைவர் என்ற முறையில் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார்.

“எல்லாருக்குள்ளயும் ஒண்ணுதான் இருக்குன்னா, அது எனக்குள்ளயும் இருக்குல்ல சார்?” என்றார் அக்கா. “அப்போ அந்த ஒரு ஓட்ட நானே போட்டுடறேனே.”

பல் டாக்டர் வாயைத் திறந்தார். அவருடைய தொழிலில் வாயைத் திறப்பது எப்போதும் மற்றவர்கள். பழக்கமில்லாததால் அப்படியே மூடிக்கொண்டார்.

(அந்தப் பாதி வாக்கியம் இங்கேதான் திரும்பி வருகிறது. உள்ளே இருப்பது ஒன்றே என்று கேட்பது சுகமாக இருக்கும். வெளியே நிற்பவர் உள்ளே வந்து, அப்படியானால் என் ஓட்டு எங்கே என்று கேட்டால் சுகமெல்லாம் போய்விடும். அந்தக் கேள்விக்குப் பதிலை யாராவது உட்கார்ந்து, எண் போட்டு, எழுதி வைக்க வேண்டியிருந்தது. போதனை சொல்லிக் கொடுத்ததைச் சாசனம் எழுதி வாங்கிக்கொண்டது. என் கட்டுரை இவ்வளவுதான். மலர்க்காரர்கள் இதை மட்டும் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், சட்டைக் கை அளவில்.)

6

தலைவர் பிழைதிருத்துபவரைப் பார்த்துத் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். எழுதினது நீங்க. இது பிழையா, இல்லையா?”

இங்கே என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு முடிவுகளை எழுதிக் கிழித்தேன்.

ஒன்றில் அவர் பிழை என்று ஒப்புக்கொள்கிறார். உண்மை. எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள், விதி திருத்தப்படுகிறது, சாயங்காலம் அக்கா எந்திரத்தை ஆட்டோவில் ஏற்றுகிறார். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, அதனால் வேண்டாம்.

இன்னொன்றில் அவர் வேண்டுமென்றேதான் எழுதினேன் என்கிறார். பச்சைப் பொய். முப்பது வருடமாகத் தாளில் தப்பு இருந்தால் தப்பு என்று சொன்ன மனிதரை இப்படி ஒரு வரியில் கவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் எழுந்து நின்றார். மனைவி பக்கத்திலிருந்து மெல்ல, “என்னங்க, உங்க பேரு போனா திரும்ப வந்துடும், அக்காவோட இடம் போனா வராது,” என்றார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. அந்தக் காகிதக் கையை நீவிக்கொண்டிருந்தார்.

“பிழை இருக்கு,” என்றார் அவர்.

அக்காவின் விரல் நின்றது.

“நான் பண்ணின பிழைதான், மன்னிக்கணும்.” சிவப்புப் பேனாவை எடுத்து, முத்திரை குத்திய பிரதியில் குனிந்தார். “ஆன்மாகள்னு இருக்கு. நடுவுல ஒரு ‘க்’ விட்டுப்போச்சு. ஆன்மாக்கள்னுதான் வரணும்.”

போட்டார். பேனாவை மூடினார். உட்கார்ந்தார்.

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. கைகளை இரண்டு முறை எண்ணினார்கள். சைக்கிளுக்கு ஒன்பது, அக்காவுக்கு எட்டு. நான் என் கையையும் தூக்கிவிட்டேன், அக்காவுக்கு. எழுதுகிறவர் ஓட்டுப் போடலாமா என்று தலைவர் முறைத்தார். நான்காம் விதியைக் காட்டினேன். ஒன்பதுக்கு ஒன்பது. பூனை இன்னும் எழுந்திருக்கவில்லை.

தலைவர் சுற்றிலும் பார்க்கிறார். “வேற யாராவது இருக்கீங்களா?” என்று கேட்கிறார்.

நீங்கள் முதல் வரியிலிருந்தே இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தக் கட்டடத்தில் வீடு கிடையாது என்பது தெரியும். அதை விதி கேட்கவில்லை. கையைத் தூக்குங்கள், அக்காவுக்கு வேலை கிடக்கிறது.