தர்சினியின் லப்டொப்பில் மட்டும்

தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஸ்கூட்டி ஏறியதும் காற்று பக்கவாட்டில் அறைந்தது. தயாளினி கைப்பிடியை இறுக்கினாளே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. தோளில் மாட்டிய பைக்குள் போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. சுன்னாகத்து அலுவலகத்திலிருந்து மனேஜர் சிவகரன்தான்.

நாலு மணிக்குள் புரோகிராம் புதுச் சேர்வரில் ஓட வேண்டும். வெளிநாட்டுக் கடைத்தொகுதி ஒன்றின் லொறிகளுக்கு எந்த வழியால் போவது என்று பிரித்துக் கொடுக்கிற புரோகிராம் அது. முந்தின நாள் கரண்ட் போய் வந்ததில் அலுவலகத்துச் சேர்வர் கருகிப் போனது. அங்கே லொறிகள் வழி தெரியாமல் நிற்கின்றன.

"இண்டைக்கு ஓடினால் இஞ்சை இருக்கிற நாலு பேருக்கும் நிரந்தர வேலை. நிப்பாட்டின தர்சினியையும் திரும்ப எடுப்பம். நான் பொறுப்பு," என்று காலையில் சிவகரன் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக மாதத்துக்கு மாதம் தவணை வேலையில் தொங்கிக்கொண்டிருந்தவளுக்கு அது போதும். ஸ்கூட்டிச் சாவி எப்போது கைக்கு வந்ததென்றே அவளுக்குத் தெரியாது.

நிரலை எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. வரைபடம் படிக்க ஒன்று, நேரம் கணிக்க ஒன்று என்று யாரோ எழுதி இணையத்தில் வைத்த பக்கேஜ்களை இறக்கிச் சேர்த்துக்கொள்வார்கள். இறக்கிய ஒவ்வொன்றும் தனக்கு இன்னும் சிலதைக் கேட்கும். அதிலும் இந்த வேர்ஷன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். காலையில் இரண்டு பக்கேஜ்கள் மல்லுக்கு நின்றன. ஒன்று பழசைக் கேட்டது, மற்றது புதுசைக் கேட்டது. இரண்டுக்கும் ஒத்துப்போகிற நடு வேர்ஷன் ஒன்று இருந்தது. அதை எழுதியவர் இணையத்திலிருந்தே தூக்கிவிட்டார். இனி அது இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். புரோகிராமை முதன்முதலில் கட்டியெழுப்பிய தர்சினியின் சொந்த லப்டொப்.

தர்சினி அலுவலக நம்பர்கள் எல்லாவற்றையும் தடுத்து வைத்திருந்தாள்.

வல்வெட்டித்துறையில் தர்சினியின் வீட்டு முற்றத்து வலைக்கு மேல் மீன் காய்ந்துகொண்டிருந்தது. இடுப்பில் குழந்தை, கையில் காகம் விரட்டுகிற தடி. தயாளினியைக் கண்டதும் தர்சினி தடியைக் கீழே வைக்கவில்லை.

"பிள்ளை பிறந்தாப் பிறகு வா எண்டினம். வந்தன். கேற்றுக்குள்ளையே விடேல்லை. இப்ப என்ன, வழி ஞாபகம் வந்திட்டுதோ?"

"கொம்பனிக்கு எண்டு வரேல்லை அக்கா. எனக்கு எண்டு வந்தனான். உங்களையும் திரும்ப எடுக்கினமாம்."

"ஆர் சொன்னது?"

"சிவகரன் அண்ணை. எல்லாருக்கும் முன்னாலை."

தர்சினி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். தடியை வலையோரம் சாத்தினாள். பிறகு உள்ளே போய் லப்டொப்பைக் கொண்டுவந்தாள். விசைகளுக்கிடையில் பிஸ்கட் தூள்.

"இவன் பாட்டுப் பாக்கிற சாமான். பற்றறி செத்துப்போச்சு. வயர் குத்தினால்தான் உயிர் வரும். இப்ப கரண்டும் இல்லை."

தயாளினி போனில் நேரத்தைப் பார்த்தாள். "எப்ப வரும்?"

"அதைக் கேட்டு ஆருக்கும் மறுமொழி வந்ததோ?" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஐஸ் வாடியிலை ஜெனரேற்றர் ஓடுது. வா."

காகங்களுக்கு மீனை விட்டுவிட்டு இரண்டு பேரும் கடற்கரை ஒழுங்கையால் ஓடினார்கள். ஒருத்தி லப்டொப்பை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மற்றவளின் இடுப்பில் குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஐஸ் விற்கிற வாடிக் கொட்டகைக்குள் முத்துக்குமாரு சாக்கால் ஐஸ் கட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளையள், உதையும் ஐஸுக்குள்ளை வைக்கப் போறியளோ?"

"ஒரு பிளக் தாங்கோ மாமா. அரை மணித்தியாலம்."

"குத்துங்கோ. என்ரை மெசின் நிண்டால் மட்டும் உங்கள் ரெண்டு பேரையும் கடலிலை போட்டிடுவன்."

திரை எரிந்தது. தயாளினி அவதியில் கட்டளை அடிக்கத் தொடங்கினாள். தர்சினி பாய்ந்து அவளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விசரி, இன்ஸ்ரோல் குடுக்காதை. உது புதுசை இறக்கிப் பழசை அழிச்சுப்போடும். பேந்து உலகத்திலையே இல்லை. கொப்பி மட்டும் எடு."

தயாளினி அடித்ததை அழித்தாள். ஃபோல்டரைத் திறந்தாள். இருந்தது. அந்த நடு வேர்ஷன், யாரும் தொடாமல், அப்படியே. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அனுப்புவதற்குச் சிக்னல் இல்லை. லப்டொப்புக்கு இணையம் கொடுத்த தயாளினியின் போனைத் தர்சினி வாங்கி, குழந்தையோடு கவிழ்த்து வைத்த படகின் மேல் ஏறிக் கையை உயர்த்தினாள். "இப்ப?"

"போகுது அக்கா. ஆடாதேங்கோ."

"நான் ஆடேல்லை, இவன்தான் ஆடுறான்."

பாதி போனது. நின்றது. தயாளினி நகத்தைக் கடித்தாள். மறுபடி நகர்ந்தது. ஜெனரேற்றரின் இரைச்சலுக்குள் முத்துக்குமாரு வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்று, என்ன போகிறது, எங்கே போகிறது என்று தெரியாமலே, "போகட்டும், போகட்டும்," என்றார்.

புதுச் சேர்வருக்கு முழுக்கப் போய்ச் சேர்ந்ததும் தயாளினி ஒவ்வொரு பக்கேஜின் வேர்ஷனையும் ஒரு கோப்பில் எழுதினாள். சிவகரன் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான். யார் எந்த மெஷினில் போட்டாலும் இதே வேர்ஷன்கள்தான் இறங்க வேண்டும். நடு வேர்ஷனைப் பக்கத்திலேயே வைத்து, இணையத்துக்குப் போகாமல் இங்கேயிருந்து எடு என்று ஒரு வரி சேர்த்தாள். ஓடு என்றாள்.

சிவப்பு எழுத்து வரவில்லை. கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று ஓடி, வரைபடம் விரிந்து, லொறிகள் பச்சைப் புள்ளிகளாக ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின.

"ஓடுது அக்கா."

தர்சினி படகிலிருந்து குதித்து வந்து திரைக்குள் தலையை விட்டாள். "இஞ்சை பார், இந்த வளைவு நான் எழுதினது. எட்டு மாத வயித்தோடை இருந்து எழுதினது." அவள் குழந்தையின் கையைப் பிடித்துத் திரையில் தட்டினாள். முத்துக்குமாரு ஒரு ஐஸ் துண்டை உடைத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

தயாளினி கூப்பிட, சிவகரன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாத்தனான். ஓடுது. வேர்ஷன் கோப்பும் உள்ளுக்கை இருக்கோ?"

"ஓம் அண்ணை."

"எங்கடை ஆக்கள் இல்லாமல், வேறை ஆர் போட்டாலும் ஓடுமோ?"

"தர்சினி அக்கான்ரை மகன் போட்டாலும் ஓடும்."

அவர் சிரிக்கவில்லை. "நல்லது பிள்ளை," என்றார். போன் வைக்கப்பட்டது.

"என்னை எடுக்கிறதைப் பற்றிச் சொன்னவரோ?" என்று தர்சினி கேட்டாள். குரலில் இப்போது கோபம் இல்லை.

"பின்னேரம் ஒபிஸிலை கதைப்பார் அக்கா. இருங்கோ, அந்த வளைவைப் பெருசாக்கிக் காட்டுறன்."

தயாளினி தட்டினாள். வரைபடம் மூடிக்கொண்டது. கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தாள். 'அனுமதி இல்லை' என்றது. மெல்ல, எழுத்தெழுத்தாக, மறுபடி கொடுத்தாள். அனுமதி இல்லை.

"சிக்னலா இருக்கும்," என்று தர்சினி போனைத் தூக்கிப் பிடித்தாள். அவளின் கையிலேயே அது அடித்தது. அலுவலகத்தில் தயாளினியோடு வேலை செய்கிற சுபாங்கன். தர்சினி சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கும் பூட்டிப்போட்டுதோ?"

"ஓம். என்ன நடந்தது? சிவகரன் அண்ணையைக் கூப்பிடு."

"அவர் இல்லை. உங்களோடை கதைச்சிட்டு பையோடை கீழை இறங்கிட்டார். கொழும்பு பஸ்ஸுக்கு."

"கொழும்புக்கு எதுக்கு?"

சுபாங்கனுக்குப் பின்னால் யாரோ மேசை லாச்சியை இழுத்து அடைக்கிற சத்தம் கேட்டது.

"புதுச் சேர்வர் அங்கைதான் இருக்குதாம் அக்கா. எங்கடை இடத்துக்கு அங்கை பத்துப் பேரை எடுத்திட்டினமாம், சிவகரன் அண்ணைதான் அவைக்கும் மனேஜராம். எங்களை நிப்பாட்டுறதெண்டு போன மாதமே முடிவாம். புரோகிராம் நாங்கள் இல்லாமல் வேறை ஆற்றையும் கையிலை ஓடுற நாளுக்குத்தான் பாத்துக்கொண்டு இருந்தவையாம்."