இடப்பக்கம் போகும் புள்ளி

"இதை யார் எழுதினது?"

அவர் கேட்டபோது நான் மிஷினில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. அதனால் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. ஒரு பக்கம் யாருடைய வாடகை ஒப்பந்தமோ கோணலாக அச்சாகி வீணாகியிருந்தது. மறுபக்கம் பென்சிலில் ஆறு வரி. அந்த ஆறு வரியும் நான் எழுதியவை.

"தெரியல" என்றேன்.

பள்ளிக்கூடத்திலும் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். விடை தெரிந்த கேள்விகளுக்கும் அதைத்தான் சொன்னேன். வரிசையாக எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால், எனக்கு எந்தப் பத்தி வரும் என்று முன்னாலேயே எண்ணி வைத்துக்கொள்வேன். என் முறை வந்தால் எழுந்து நிற்பேன், ஒரு எழுத்து வெளியே வராது. பத்தாம் வகுப்பு பாதியில் ஒரு திங்கட்கிழமை பஸ் வந்தது, நான் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. அம்மா அழுது தீர்த்தாள். அப்பா ஒரு வாரம் என் பக்கமே திரும்பவில்லை. சித்தப்பாதான், கடைக்கு வரட்டும், மிஷின் யாரையும் கேள்வி கேட்காது என்று சொல்லிக் கூட்டிவந்தார்.

கண்ணாடிக்காரர் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் பிரதி எடுக்கக் கொடுத்த தாள் கட்டுக்குள் அது எப்படிப் போனது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் தெரியல என்றுதான் சொல்லியிருப்பேன். ஆறாம் பக்கத்துக்கும் ஏழாம் பக்கத்துக்கும் நடுவில் அதை வைத்ததும் நான்தான்.

கடைக்கு மேலே தாள் கட்டுகள் அடுக்கிய அறை ஒன்று உண்டு. அங்கே கிடக்கும் பெரிய வெட்டும் மேஜைக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. மதியத்தில் கண்ணாடிக்காரரும் மூன்று நண்பர்களும் அதைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்கள். அவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு மந்திரவாதியாக அந்தக் கதைக்குள் இறங்கி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். விளையாட்டுக்கான விதிகளை அவர் தானே எழுதி, வாரா வாரம் சனிக்கிழமை பிரதி எடுக்க எங்களிடம் கொண்டுவருவார். எல்லாத் தாளின் அடியிலும் அவர் பெயர் இருக்கும்.

பிரதி எடுக்கிறவள் படிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. நான் படித்தேன். ஒவ்வொரு மந்திரவாதிக்கும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு புள்ளி. நெருப்பு வரவழைக்க நான்கு, காயம் ஆற்ற மூன்று. தூங்கி எழுந்தால் பன்னிரண்டும் திரும்பிவிடும். முதல் வாரமே கோளாறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதல் பூதத்திடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். அப்படியேதான் நடந்தது. அடுத்த வாரத் தாளில், ஒரு நாளைக்கு ஒரு தூக்கம்தான் என்று புது விதி வந்தது. அதற்கடுத்த வாரம், எதிரி அருகில் இருந்தால் தூக்கம் வராது. பிறகு, கெட்ட கனவு வந்தால் பாதிதான் திரும்பும். கிழிசலுக்கு மேல் ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார்.

வீணான தாள்களைத் தைத்து நான் நோட்டு செய்துகொள்வேன். கோந்து டப்பாக்களுக்குப் பின்னால் அப்படி ஏழு நோட்டு இருந்தன. யாருக்கும் தெரியாது. ஏழாவது நோட்டில் நான்கு மந்திரவாதிகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நால்வரும் வாயாடிகள். ஒருவர் பேச்சை முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். மதியம் சித்தப்பா சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் அவர்களோடுதான் எனக்குக் கழியும். அவர்களை வைத்துத்தான் என் விதியைச் சோதித்தேன்.

மேஜையில் மொத்தம் இருபது புள்ளி. கூடாது, குறையாது. கதை நடத்துகிறவருக்கும் சேர்த்து ஆளுக்கு ஐந்து. மந்திரத்துக்குச் செலவழித்த புள்ளி அழியாது. இடப்பக்கம் இருப்பவருக்குப் போய்விடும். தூங்கினால் எதுவும் திரும்பாது. பூதம் ஏவும் மந்திரத்துக்கும் இதே கணக்கு. மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் செல்லாது.

இவ்வளவுதான். இப்படி வைத்தால் யாரும் பதுக்க முடியாது, யாரும் ஓடிப்போய்த் தூங்க முடியாது. நாம் செலவழித்தால்தான் பக்கத்திலிருப்பவருக்குக் கிடைக்கும். நோட்டில் அது சக்கரம் மாதிரி ஓடியது.

தெரியல என்று நான் சொன்ன வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை அவர் கொண்டுவந்த தாளில் என் ஆறு வரியும் இருந்தன, அழகாக டைப் செய்யப்பட்டு. அடியில் வழக்கம்போல அவர் பெயர். நான்கு பிரதி எடுத்து, மூலையில் பின் அடித்துக் கொடுத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொந்தக்காரர் யாரென்று தெரியாத பொருளை ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டால் அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் பிரதிகள் சூடாக வெளியே வந்து விழுந்தபோது, அந்தப் பெயர் இருக்கும் இடத்தை நான் ஒவ்வொரு தாளிலும் பார்த்தேன்.

பிறகு ஞாயிறுகள் மாறிப்போயின. மேலே சிரிப்பும் நாற்காலி இழுக்கும் சத்தமும் ஓயவில்லை. கீழே தாள் அடுக்கிக்கொண்டே, இப்போது யாரிடம் புள்ளி சேர்ந்திருக்கும், யார் யாரிடம் கெஞ்சுகிறார்கள் என்று ஊகித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் படியிறங்கி வரும்போது, நண்பர்களில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடிக்காரர் முதுகில் தட்டி, இத்தனை நாள் இந்த மூளையை எங்கே அடகு வைத்திருந்தாய் என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அவர்களில் ஒருவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. ஆள் குறைந்தால் சக்கரம் சின்னதாகி ருசி போய்விடுகிறது என்று அவர்கள் சித்தப்பாவிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ இங்க சும்மாதானே உக்காந்திருக்கே. மேல போய் உக்காரு. நாலு மனுஷங்க மூஞ்சியப் பார்த்த மாதிரி இருக்கும்."

போனேன். படியேறும்போதே ஒன்றை முடிவு செய்திருந்தேன். நான் விளையாடுவதைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும். புரிந்ததும் அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார், இது இந்தப் பெண் எழுதியது என்று. நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அவர்களோடு விளையாடும் நர்ஸ் அக்கா எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அவளுக்கு இடப்பக்கம் லிஃப்ட் மெக்கானிக், அவருக்கு இடப்பக்கம் நான், எனக்கு இடப்பக்கம் கண்ணாடிக்காரர். புள்ளிகளுக்குச் சட்டைப் பொத்தான் வைத்திருந்தார்கள். என் முன்னால் ஐந்து வெள்ளைப் பொத்தான்கள். வேறு ஊருக்குப் போனவருடைய மந்திரவாதிதான் இனி எனக்கு: மழையை வரவழைப்பவள், பூட்டைத் திறப்பவள். கண்ணாடிக்காரர் கதையைத் தொடங்கினார். பாழடைந்த கிணறு. அதன் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கல் பூதம்.

நர்ஸ் அக்கா பூதத்தின் கண்ணைக் கட்டினாள், மூன்று பொத்தான் மெக்கானிக்கிடம் போனது. மெக்கானிக் இடியை இறக்கினார், ஆறு பொத்தான் என்னிடம் வந்தது. என் முறை. மழை என்று சொன்னால் போதும். இரண்டே எழுத்து.

முடியாது என்று தலையை ஆட்டினேன். பரவாயில்லை, முதல் நாள்தானே, அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று நர்ஸ் அக்கா சொன்னாள்.

அடுத்த சுற்றிலும் அதேதான். அதற்கடுத்த சுற்றிலும். பூதம் நர்ஸ் அக்காவைத் தூக்கி எறிந்தது. அதற்குக் கண்ணாடிக்காரர் செலவழித்த பொத்தான்கள் அவருக்கு இடப்பக்கம் இருந்த அவளிடம் போயின. அவளிடமிருந்து மெக்கானிக்கிடம். மெக்கானிக்கிடமிருந்து என்னிடம். அரை மணி நேரத்தில் இருபதும் என் முன்னால் குவிந்துவிட்டன. வேறு யார் முன்னாலும் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. என் நோட்டில் நால்வரும் நான்தான், நால்வரும் ஓயாமல் பேசினார்கள்.

"சரியாப் போச்சு" என்றார் மெக்கானிக். "பூதத்துகிட்டயும் ஒண்ணுமில்ல, நம்மகிட்டயும் ஒண்ணுமில்ல. வாங்க, அதுகூடவே கிணத்து மேல உக்காந்து ஊர்க்கதை பேசிட்டுப் போலாம்."

நர்ஸ் அக்கா அவர் கையில் அடித்தாள். "சும்மா இருங்க. பாவம், புள்ள பயந்துக்கும்."

"நான் புள்ளையச் சொல்லல. இந்த மேதாவியக் கேக்கறேன். ஏம்பா, பேசாத ஆள் வந்தா என்ன பண்றதுன்னு எழுதுறப்போ யோசிக்கலையா?"

கண்ணாடிக்காரர் தாள்களைப் புரட்டினார். அதற்கும் ஒரு விதி இருக்கிறது, எங்கோ எழுதி வைத்தேன் என்றார். முன்னாலிருந்து பின்னால் புரட்டி, மறுபடி பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். அவர் காது சிவந்துபோயிருந்தது. இல்லாத விதியை அவர் எங்கே தேடுவார்? எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிழை என்னுடையது, திட்டு அவருக்கு விழுகிறது.

மந்திரவாதியின் குறிப்புகள் இருந்த தாளின் ஓரத்தைக் கிழித்தேன். பென்சிலை எடுத்து, யோசிக்காமல் எழுதினேன். மற்ற இருவரும் பூதத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது, அவர் கைக்கு அடியில் அதைத் தள்ளினேன்.

பேசாதவரிடம் பக்கத்திலிருப்பவர் கேட்கலாம். அவர் தலையசைத்தால் போதும். அவருக்காக இவர் மந்திரத்தைச் சொல்லலாம். தலையசைக்காமல் சொன்னால் செல்லாது. புள்ளி வழக்கம்போல இடப்பக்கம் போகும்.

அவர் படித்தார். படிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. அதே கோணல் எழுத்து, அதே தேய்ந்த பென்சில், ஒவ்வொரு வரியின் முடிவிலும் அழுத்திக் குத்திய அதே புள்ளி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"கிடைச்சிருச்சு" என்றார் அவர்.

சீட்டைத் தன் தாள்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, தான் எழுதியதைப் போலவே வாசித்தார். ஒரு வார்த்தை மாற்றவில்லை. மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து, அடப்பாவி, இதையும் யோசித்து வைத்திருக்கிறாயா என்றார். நர்ஸ் அக்கா, இது ரொம்ப நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னாள். எல்லாவற்றையும்விட அவள் சொன்னதுதான் எனக்குள் போய்த் தைத்தது. இருவரும் அவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

அதன்பிறகு விளையாட்டு ஓடியது. மெக்கானிக் என் பக்கம் சாய்ந்து, பூதத்தின் தலையில் மழை பெய்ய வைக்கலாமா என்று கேட்டார். தலையசைத்தேன். எனக்காக அவர் கர்ஜித்தார், எட்டுப் பொத்தான் பூதத்துக்குப் போனது. அந்த எட்டை வைத்துப் பூதம் அவரைக் கிணற்றில் தள்ளியது. கிணற்றுக்குள்ளிருந்தே அவர் கத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பொத்தான்கள் சுற்றிச் சுற்றி வந்தன. நான் நினைத்ததைவிட அழகாக வந்தன. கேட்பவர் ஒருவர் சேர்ந்ததும் அது இன்னும் நல்ல விதியாகிவிட்டிருந்தது. நான் எத்தனை முறை தலையசைத்தேன் என்று நினைவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. என் பொத்தான்கள் தன்னிடம் வரும்போதுகூட மேஜையைப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு மற்ற இருவரும் கிளம்பினார்கள். நர்ஸ் அக்கா என் தோளைத் தொட்டு, அடுத்த வாரமும் நீ கட்டாயம் வர வேண்டும் என்றாள். மெக்கானிக், இவள் வராவிட்டால் நாம் பூதத்திடம் செத்தோம் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அறையைப் பூட்டிச் சாவியைக் கீழே கொடுப்பது என் வேலை. கதவோரம் நின்றேன்.

கண்ணாடிக்காரர் பொத்தான்களைத் தகர டப்பாவில் போட்டார். எண்ணினார். கொட்டி மறுபடி எண்ணினார். பத்தொன்பதுதான் இருந்தது. நான் குனிந்து, மேஜைக் காலடியில் கிடந்த ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதை என் உள்ளங்கையிலிருந்து எடுக்கச் சிறிது நேரம் ஆனது. நானே எழுதினேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் ஒரு சொல் கேட்டால் போதும், எதைக் கேட்டாலும் தலையசைத்துவிடுவேன். மற்றவர்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்தத் தாள் கட்டுகளுக்கு முன்னால் சொன்னால்கூடப் போதும் என்றிருந்தது.

அவர் டப்பாவை மூடினார். விதித் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கிப் பையில் வைத்தார். நடுவிலிருந்து என் சீட்டு நழுவி மேஜையில் விழுந்தது. அதைப் பார்த்தபடி நின்றார். எடுத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். வாசலில் செருப்பின் வாரை மாட்டக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்து, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, படியிறங்கிப் போனார்.