செய்யாததற்குக் கிடைத்த மன்னிப்பு

"எங்கம்மாகிட்ட சபை மன்னிப்புக் கேக்கணும்."

இதை மட்டும் எந்தக் காலத்திலும் வாயைத் திறந்து கேட்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருந்தாள். அன்று காலையிலும் பீடத்துத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். நான் கேட்டுவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் போதகரின் பேனா என் பேரில் பாதியோடு நின்றது.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. மறுநாள் கோவிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து. எங்கள் லுத்தரன் சபையில் திருவிருந்து எடுக்கிறவர்கள் முந்தின நாளே வந்து போதகரிடம் பேர் கொடுக்க வேண்டும். யாருக்காவது மனதில் பாரம் இருந்தால் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார், பாவமன்னிப்புச் சொல்வார். முக்கால்வாசிப் பேருக்கு மனதில் பாரம் எதுவும் இருப்பதில்லை. பேரைச் சொல்லிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே ரெண்டு நிமிடம் உட்கார்ந்து வேர்வையை ஆற்றிக்கொண்டு போவார்கள்.

பக்கத்து நாற்காலியில் சபைப் பொருளாளர் இருந்தார். கடிகாரக் கடை வைத்திருப்பவர். சின்ன வயதிலிருந்தே எங்களுக்கெல்லாம் அவர் டிக்டிக் மாமா.

"மன்னிப்பா? எதுக்கும்மா?" என்றார் போதகர்.

கையிலிருந்த தாளை மேசையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற அறிவிப்புகளுக்கு அவர் கைப்பட எழுதிய நகல். வீட்டில் முதல் பட்டதாரி ஆனதற்குச் சபை எனக்குக் கொடுத்த முதல் மரியாதை, வாராவாரம் இதைச் சும்மா தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை. மூன்றாவது அறிவிப்பு இப்படி இருந்தது: 'பல வருடங்களுக்கு முன் காணாமல்போன திருவிருந்துக் கிண்ணம் தேவகிருபையால் திரும்பக் கிடைத்தது.' நான்காவது: 'இவ்வருடம் பட்டம் பெற்ற நம் சபையின் மகளைக் கௌரவித்தல். அதன்பின் அவர் சாட்சி.' சாட்சி என்றால் தேவன் என் வாழ்வில் செய்ததைச் சபை முன் நின்று சொல்வது. பரிசு சுவர்க்கடிகாரம். எந்தக் கடையிலிருந்து என்று கேட்கவே வேண்டாம்.

"மூணாவது அறிவிப்புக்கு," என்றேன். "தேவகிருபையால கிண்ணத்துக்குக் கால் மொளைச்சு அதுவா நடந்து வந்துச்சாக்கும்?"

மாமா தலையைக் குனிந்தார்.

என் அம்மா அந்தக் கோவிலில் மணியடிப்பவள். கூட்டுவாள், துடைப்பாள், பாத்திரம் விளக்குவாள். ஊரே அவளை மணிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். கோவிலுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. பதினோரு வருடங்களுக்கு முன் வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனது. அது இருந்த அலமாரிக்கு இரண்டு சாவிகள். ஒன்று அம்மாவிடம், இன்னொன்று பொருளாளரிடம். சந்தேகம் எந்தச் சாவியின் மேல் விழும் என்பதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. சபை நடுவே நின்று குற்றத்தை அறிக்கை செய்தால் வேலையும் அறையும் நிற்கும், இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அறிக்கையைப் போதகரே நான்கு வரியில் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன் நின்று, 'நான் எடுத்தேன், மன்னியுங்கள்' என்று மனப்பாடமாகச் சொன்னாள். போதகர் அவள் தலையில் கை வைத்துப் பாவமன்னிப்புக் கூறினார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவள் திருவிருந்து எடுத்ததே இல்லை. கிண்ணங்களைக் கழுவித் துடைத்துப் பீடத்தில் வைப்பாள். ஜனங்கள் வரிசையில் போகும்போது மணிக்கயிற்றின் அருகே போய் நின்றுகொள்வாள். திருடி என்கிற வெட்கம் என்று ஊர் நினைத்தது.

"நான் திருடலம்மா," என்றார் டிக்டிக் மாமா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "கிண்ணத்தோட அடிக்கால் ஆடிட்டிருந்துச்சு. பத்த வைக்கலாம்னு கடைக்குக் கொண்டு போனேன். வேலைல மறந்தே போச்சு. ஒரு மாசம் கழிச்சு கீழ் இழுப்பறையில பார்க்கிறேன், மஞ்சத் துணில சுத்தினபடியே இருக்கு. அதுக்குள்ள உங்கம்மா எந்திரிச்சு நின்னு நாந்தான் எடுத்தேன்னு சொல்லிட்டாங்க. மன்னிச்சும் விட்டாச்சு. இனிமே எதுக்குக் கிளறணும்னு..."

"கிளறாம பதினோரு வருஷம் இழுப்பறைய மூடி வச்சீங்க."

"புதன்கிழமை நானாத்தான் கொண்டு வந்து ஐயா முன்னால வச்சேன். யாரும் புடிச்சு இழுத்துட்டு வரல. ஐயா மன்னிப்புச் சொன்னார். அன்னைக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன்மா."

பொய்யில்லை. கண்கள் கலங்கியிருந்தன. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நடிக்கிறவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"நல்லாத் தூங்குங்க மாமா. விடிஞ்சா எங்கம்மா மணியடிச்சு எழுப்பி விடுவாங்க."

"வாயை அடக்கு," என்றார் போதகர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அவர் மனந்திரும்பிட்டார். மன்னிப்பு யாரும் கூலி மாதிரி உழைச்சு வாங்குறது இல்ல. இதை உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"நீங்கதான். திடப்படுத்தல் வகுப்பு வேதபாடத்துல நூத்துக்கு நூறு போட்டதும் நீங்கதான். மனந்திரும்புதல்ல ரெண்டு இருக்குன்னீங்க. செஞ்சதை நினைச்சு மனசு நொறுங்குறது ஒண்ணு, கிறிஸ்துவால மன்னிப்பு எனக்குத்தான்னு நம்புறது இன்னொண்ணு. மாமாவுக்கு ரெண்டும் கிடைச்சாச்சு. அதைப் புடுங்க நான் வரல. ஆனா பைபிள்ல கிறிஸ்துவைப் பார்க்க மரமேறுனானே அந்தக் குள்ளமான வரிவசூல்காரன், எறங்குனதும் என்ன செஞ்சான்? ஏமாத்துனதைத் திருப்பிக் குடுக்கறேன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி எந்திரிச்சு நின்னு சொன்னான். அறிவிப்புல மூணாவது நம்பராவா போட்டான்?"

"அடுத்த மாசம் அவர் பொண்ணுக்குக் கல்யாணம்மா. கொஞ்சம் யோசி."

"நானும் ஒருத்தி பொண்ணுதாங்கய்யா. பள்ளிக்கூடத்துல எது காணாமப் போனாலும் முதல்ல என் பென்சில் டப்பாவத்தான் தொறந்து பார்ப்பாங்க."

அப்போது அம்மா உள்ளே வந்தாள். மடித்த பீடத்துத் துணி இரண்டு கையிலும் தட்டுப்போல இருந்தது.

"உன் தொண்டை மணிக்கூண்டு வரைக்கும் கேக்குது. என் பொழப்புல மண்ணைப் போட்டுருவ போலிருக்கே. இனிமே மணி எதுக்கு, உன்னையே மேல ஏத்தி விட்டா போதும்." என்னை முறைத்தாள். "கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"பட்டம் வாங்குனதும் வாய்க்கு வாசப்படி இல்லாமப் போச்சு."

போதகர் எழுந்து நின்றார். அம்மாவுக்காக அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நாளைக்குத் திருவிருந்துக்கு வாங்க. பேரை எழுதிக்கட்டுமா?"

"வேணாங்கய்யா."

"இன்னும் எங்க மேல கோவமா?"

"கோவம் என்னத்துக்கு? இவரை நேத்தே மன்னிச்சிட்டேன், அலமாரியில கிண்ணத்தைச் சுத்தியிருந்த இவர் கடை மஞ்சத் துணியப் பார்த்தப்பவே." மாமாவைப் பார்க்காமலே சொன்னாள். "தப்பே இல்லைங்கிறீங்களே, அதெப்படி? எடுக்காததை எடுத்தேன்னு பீடத்து முன்னால நின்னு சொன்னேன். அது பொய்யில்லையா? எடுத்ததுக்கு நீங்க மன்னிப்புக் குடுத்தீங்க. பொய்க்கு யார் குடுத்தா?"

இதை நேற்று இரவுதான் என்னிடமும் முதல்முறையாகச் சொன்னாள். கிண்ணம் கிடைத்துவிட்டதே என்று நான் குதித்தபோது. பதினோரு வருடம் அவள் மணிக்கயிற்றின் அருகே நின்றது வெட்கத்தால் இல்லை. செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. செய்த பாவம் அப்படியே நின்றது. அதை வைத்துக்கொண்டு எப்படிக் கை நீட்டுவது என்றுதான் அவள் நீட்டவில்லை.

போதகர் மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "இப்பவே, இங்கேயே சொல்றேன். முழங்கால் போடுங்க."

"பொய்யை நடுவுல நின்னு சொல்லிட்டு, மன்னிப்பை மூலையில வந்து வாங்கிக்கவா?"

"மன்னிப்புக்கு நடு, மூலை எல்லாம் கிடையாதும்மா. எங்க சொன்னாலும் அது தேவனோட வார்த்தைதான்."

"அது சாமிக்குத் தெரியும். அன்னைக்குக் காது குடுத்துக் கேட்டாங்களே, அவங்களுக்குத் தெரியாதே."

'அப்படியானால் நாளைக்கு நடுவில் நின்று சொல்லுங்கள்' என்று போதகர் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. அவள் பொய்யை அறிக்கை செய்தால், அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தது யார் என்று முன்வரிசையில் ஒருவராவது கேட்பார்.

"ஐயா, என் பேர் பாதில நிக்குது," என்றேன். "முழுசா எழுதுங்க. எனக்கு மனசுல பாரம் இருக்கு."

"உனக்கென்ன பாரம்?"

"எங்கம்மாவுக்கு எழுத்து வராது. உங்க நாலு வரிய அவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்ததுன்னு நினைச்சீங்க?"

அம்மா, "ஏய், சும்மா இரு," என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. மணிக்கூண்டுப் படியில் உட்கார்ந்து டீச்சர் விளையாட்டுப்போல, கையில் அடிஸ்கேல் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன்பே, 'நீதான் எடுத்தியா?' என்று கேட்டிருந்தேன். 'இல்லடி' என்றாள். நம்பினேன். நம்பிவிட்டுத்தான் சொல்லிக் கொடுத்தேன். 'நான் எடுத்தேன்' வரும்போதெல்லாம் அவளுக்கு நாக்குப் புரளவில்லை. முழங்காலில் ஸ்கேலால் தட்டி, 'சரியாச் சொல்லும்மா' என்றேன். அவள் அப்படிச் சொல்லிவிட்டால் அறை போகாது, பள்ளிக்கூடம் போகாது என்பது எனக்கும் தெரியும். வீட்டிலேயே வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பெருமை வேறு. என் படிப்பின் முதல் வேலை அது. மூன்று பேரிடமும் அப்படியே சொன்னேன்.

"நீ சின்னப் பிள்ளைம்மா அப்ப," என்றார் போதகர் மெதுவாக.

"தொட்டில் பிள்ளைக்கே பாவம் உண்டுன்னு ஞானஸ்நானத் தண்ணி ஊத்துற சபை நம்ம சபை. பதினோரு வயசுக்கு மட்டும் தள்ளுபடியா? சொல்லுங்கய்யா. உங்க வாயிலேர்ந்தே எனக்கு வேணும்."

அவர் என் தலையில் கை வைத்தார். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். என்னுடைய சண்டை இந்த மனிதர்களோடுதான். அந்த வார்த்தையோடு எனக்கு என்றைக்கும் சண்டை இருந்ததில்லை.

"ஆமென்," என்றேன். "மன்னிச்சாச்சு. இனிமே மறைக்கிறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. உங்களையும் புதன்கிழமையே மன்னிச்சாச்சு மாமா. அப்புறம் நீங்க எதை மறைக்கிறீங்க?"

மாமா சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், திரும்ப வைத்தார்.

"நாளைக்கு எனக்குச் சாட்சி சொல்ல அஞ்சு நிமிஷம் குடுத்திருக்கீங்க. இப்ப சொன்னதை அங்க சொல்லப் போறேன். என் பாவத்தை மட்டும். உங்க பேரை எடுக்க மாட்டேன் மாமா, ஐயா பேரையும்தான். அடுத்தவன் பேரைக் கெடுக்காதேங்கிற எட்டாம் கற்பனை எனக்கும் தெரியும். எந்திரிச்சு நிக்கிறதும் உக்காந்திருக்கிறதும் உங்க இஷ்டம்."

"கமிட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம..." என்று போதகர் தொடங்கினார்.

"பாவத்தை அறிக்கை பண்ண கமிட்டி அனுமதி வேணும்னு ஞானோபதேசப் புஸ்தகத்துல எந்தப் பக்கத்துலங்கய்யா இருக்கு?" நகல் தாளை அவர் பக்கம் தள்ளினேன். "மூணாவது அறிவிப்பை நான் அடிக்க மாட்டேன். கடிகாரமும் வேணாம். எங்க வீட்ல மணி தெரிஞ்சுதான் இருக்கு."

அம்மா அவ்வளவு நேரமும் துணியைக் கீழே வைக்கவே இல்லை. இப்போது அதைப் பேர் எழுதும் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நானும் வந்து நிக்கிறேன்," என்றாள். "என்ன சொல்லணும்னு ராத்திரி சொல்லிக் குடு."

"இந்தத் தடவை சொல்லிக் குடுக்க மாட்டேன்மா. நடந்ததைத்தானே சொல்லப் போற? அது உனக்கே தெரியும்."

"அதுவும் சரிதான்." போதகர் பக்கம் திரும்பினாள். "அப்ப திருவிருந்துக்கு ரெண்டு பேரா எழுதிக்கங்கய்யா."

பேனா பதிவேட்டைத் தொட்டதா என்று பார்க்க நான் நிற்கவில்லை. வாசலில் பேர் கொடுக்க வந்த நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கதவைச் சாத்தாமல், அவர்களுக்கு நடுவே வழி செய்துகொண்டு வெளியே நடந்தேன்.