இடைவேளைக்கு முன் ஒரு தீர்ப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் ஒரு தொலைக்காட்சியில் எழுத்து வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் எட்டு மணிக்கு வழக்குகளை அலசுவார். அவர் பேசியதில் பாதி நான் எழுதிக் கொடுத்தது. ஆகவே இதில் நான் யோக்கியன் இல்லை.

தொடக்கம்: "கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த நீதிபதி..." (வேண்டாம். இது சோம்பேறியின் தொடக்கம்.)

வேறு: இருபத்தாறு வருடம் இரு தரப்பையும் கேட்காமல் வாய் திறக்காத மனிதர் அவர். வக்கீல்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'காது'. ஓய்வுக்குப் பின் மனைவியும் போய்ச் சேர்ந்தார். வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. அந்த நேரத்தில்தான் சானல் கூப்பிட்டது.

இது இருக்கட்டும்.

2

முதல் மாதம் முழுக்க "விசாரணை முடியட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"முடிஞ்சிட்டா அப்புறம் நமக்கு என்ன சார் வேலை? ஜனங்களுக்கு இன்னிக்கே பதில் வேணும்."

அவர் சிரித்தார். சறுக்கல் அந்தச் சிரிப்பில்தான். விளம்பர இடைவேளைக்கு முன் தீர்ப்பு சொல்லப் பழகினார். கோர்ட்டில் அவருக்கு மரியாதைதான் கிடைத்திருந்தது. இப்போது தெருவில் வழிமறித்துக் கைகொடுத்தார்கள். அது பிடித்துப்போயிற்று.

3

ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டதும் குழந்தை ஒன்று இறந்தது. ஊசி போட்ட நர்ஸ் மீது வழக்குகூடப் பதிவாகவில்லை.

"ஊசி பிடித்த கை பதில் சொல்லியே ஆகவேண்டும்" என்றார் அவர் அன்றைய நிகழ்ச்சியில். (அந்த வாக்கியம் என்னுடையது. எழுதிவிட்டுத் திருப்தியாக டீ குடித்தேன்.)

மறுநாள் அவள் வீட்டு ஜன்னல்கள் நொறுங்கின. வேலை போயிற்று. பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்தது. நாலு மாதம் கழித்து, மருந்துக் குப்பியில்தான் கோளாறு என்று அறிக்கை வந்தது. திரையின் அடியில் ஓடும் வரியாக அதை இரண்டு முறை போட்டோம்.

4

அவர் அவள் வீட்டுக்குப் போனார். (கூடப் போன நான் காரை விட்டு இறங்கவில்லை.) அவள் அண்ணன் கதவைத் திறந்து, பின்னால் கேமரா இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா" என்றார் வாசலில் நின்றபடி.

"தானா நடந்துச்சா சார்?" என்றாள், அண்ணனுக்குப் பின்னால் வந்து நின்ற அவள்.

"நான்தான் செஞ்சேன்."

"கோர்ட்டுல நிறுத்தியிருந்தா, 'நீ என்னம்மா சொல்ற'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்கல்ல?"

"கேட்டிருப்பேன்."

"அப்ப டிவியில ஏன் கேக்கல?"

இந்த இடத்தில் அவருக்காக நாலு பத்தி பதில் எழுதி அடித்துவிட்டேன்.

"இங்க சொன்னா எங்களுக்கு மட்டும்தான் கேக்கும். எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க" என்று அண்ணன் கதவைச் சாத்தினான்.

5

மன்னிப்புக் கேட்க இரண்டு நிமிடம் வேண்டும் என்றார். தயாரிப்பாளர் மறுத்தார். "கேட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கேஸ் வரும். உங்களுக்குத் தெரியாத சட்டமா சார்?"

முடிவு ஒன்று: அவர் நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டு, மைக்கைக் கழற்றி வீசி... (எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.)

முடிவு இரண்டு: அவர் ராஜினாமா செய்...

நடந்தது இது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். அவர் படிக்கும் திரையில் மன்னிப்பு வரியை நான் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை. வேறொரு வழக்கு, வேறொரு தீர்ப்பு.

அந்தப் பெண் இப்போது எங்கேயோ மருந்துக்கடையில் இருப்பதாகக் கேள்வி. இவ்வளவு எழுதினேனே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? அவளைக் கேட்காமல் இதற்கு முடிவு எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. உங்களுக்கு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.