பாதரசத்தில் ஜெயித்தவன்

1
இந்தக் கதை என் பொறாமையில் பிறந்தது. என்னோடு எழுத வந்த ஒருத்தனுக்கு விருது கிடைத்த அன்று, டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, "என்னங்க இவ்வளவு பிரஷர்?" என்றார். காரணத்தை வெளியே சொல்ல முடியுமா? அதைத் தூக்கி, நான் கற்பனை செய்த செபஸ்தியான் தலையில் கட்டிவிட்டேன்.

2
1936. சூரமங்கலத்தில் ஓயாத மழை பெய்துகொண்டிரு— (வேண்டாம். சூரமங்கலத்தில் ஏது அவ்வளவு மழை!)

செபஸ்தியான் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன். டிரைவராக வேண்டும், அதற்கு ரயில்வே டாக்டர் தேறினான் என்று எழுத வேண்டும். அவன் சகலை தோமினிக்கும் பயர்மேன்தான். நேற்றே தேறிவிட்டான்.

"என்ற தங்கச்சி இனி ராணியாட்ட இருப்பா" என்றாள் செபஸ்தியானின் மனைவி தெரசம்மாள், குழம்பு ஊற்றிக்கொண்டே. கட்டினவனுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு பற்றி எரிந்தது.

(தெரசம்மாளைப் பொல்லாதவளாக்கிவிட்டேனோ? பாவம், வெள்ளந்தியாகத்தான் சொன்னாள்.)

3
ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அந்த எஞ்சின் கொட்டகைக்குப் புதுசு. அதன் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏற ஏற ஆள் பலசாலி என்று பயர்மேன்கள் நம்பினார்கள். பாய்லரில் அழுத்தம் ஏறினால்தானே வண்டி இழுக்கும்!

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றியதும் செபஸ்தியான் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, தோமினிக்கை நினைத்தான். மூளைக்குப் புலி வந்தாலும் சகலை வந்தாலும் ஒன்றுதான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியை அது உசுப்பிவிட்டது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ரத்தக் குழாய்கள் இறுகின. பாதரசம் விறுவிறுவென்று ஏறியது.

"தோமினிக்குக்கு இவ்வளவு ஏறுச்சுங்களா, டாக்டர்?"

"இல்லையே."

"அட, அப்படிப் போடுங்க!"

"எதைப்பா போடறது? இந்த அழுத்தத்தோட உன்கிட்ட எஞ்சினைத் தர முடியாது. கொஞ்ச நேரம் மனசைச் சும்மா வெச்சுக்கிட்டு உட்காரு. மறுபடி பார்க்கறேன். அப்பவும் இறங்கலைன்னா ஆயுசுக்கும் கரிதான்."

செபஸ்தியான் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

4
முதல் முடிவு: ஜெபமாலையை உருட்டினான், மனம் அடங்கி— (பொய். ஜெபத்துக்குள்ளும் தோமினிக் வந்து நின்றான்.)

இரண்டாவது: சேதி கேட்டுத் தோமினிக்கே ஓடிவந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"பயப்படாதீங்கண்ணா. நானே பாஸாகிட்டேன், நீங்க ஆகாம இருப்பீங்களா? நான் இங்கயே இருக்கறேனுங்க."

நல்லவன். அதுதான் செபஸ்தியானுக்குத் தாங்கவில்லை.

டாக்டர் மறுபடி பட்டையைச் சுற்றுகிறார். தோமினிக்கை வெளியே அனுப்ப ஒரு வரி போதும், அழுத்தம் இறங்கிவிடும். எழுதி எழுதி அடித்துவிட்டேன். செபஸ்தியான் டிரைவராகிவிட்டால், நினைத்ததைச் சாதித்தவனாகிவிடுவான். நான் மட்டும் என் பொறாமையோடு இங்கேயே கிடப்பேன்.

உங்களுக்கு யார் மேலும் பொறாமை இல்லையென்றால், அந்த வரியை நீங்கள் எழுதிவிடுங்கள்.